0.6 சதவீதக் காபி

திண்டிவனம் - விழுப்புரம் நாற்கரச் சாலையில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. பித்தளை டபரா செட்டின் படத்தைப் பார்த்ததும் கார்கள் தாமாக ஓரங்கட்டுகின்றன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பக்கம் திரும்பி பிரம்மதேசத்துக்கு வந்தால் பலகையும் கிடையாது, பித்தளையும் கிடையாது. (எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் சோழர் கோயில்களோடு இருக்கும் பிரம்மதேசம் வேறு. நான் சொல்வது கடலோரம் பார்த்த இந்த ஊரை.) டீக்கடையில் காபி கேட்டால், சரம்சரமாகத் தொங்கும் சாஷேயில் ஒன்றைக் கிழித்துக் கண்ணாடி கிளாஸில் கொட்டி, மேலே பாலை ஊற்றி ஒரு ஆற்று ஆற்றித் தருவார்கள். ‘ஃபில்டர் இருக்கா?’ என்று கேட்டால், விடிகாலையில் இறக்கி பாய்லர் ஓரம் சூடாகவே வைத்திருக்கும் டிகாஷன் கிடைக்கும்.

நெடுஞ்சாலைக் காபிக்கும் ஊர்க் காபிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. தூளிலும் அதே இடைவெளி உண்டா? குடிப்பவர் அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தூள் வந்த பாக்கெட்டின் பின்பக்கம். அங்கே பொடி எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம். 53-க்கு 47 என்ற விகிதம் நம் கடைகளில் சர்வ சாதாரணம். அந்த 53 என்ன காபி, எப்போது வறுத்தது, பழுத்த பழத்தின் கொட்டையா, காயைச் சேர்த்து உருவியதா என்று ஒரு வார்த்தை இருக்காது. சட்டம் கேட்கவில்லை, நிறுவனம் சொல்லவில்லை.

உணவு வேதியியல்காரன் என்ற முறையில் என் குறை, சட்டம் எதைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதைச் சரிபார்க்க ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கும் அளவுகோல்களில் முக்கியமானது காஃபின்: ஈரம் நீக்கிய தூளில் அது 0.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிக்கரியில் காஃபின் அறவே கிடையாது. ஆகவே காஃபின் இருக்கும் அளவுக்குக் காபி இருக்கிறது என்பது கணக்கு. பார்வைக்கு நியாயமான கணக்குதான்.

எந்தக் காபி என்று கேட்டவுடன் அந்தக் கணக்கு ஆட்டம் காண்கிறது. வறுத்த அராபிகாவில் காஃபின் ஏறத்தாழ 1.2 சதவீதம். அதில் 51 சதவீதம் எடுத்தால் 0.61 வரும். விதி எழுதியவர்கள் மனதில் அராபிகாதான் இருந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிப்பது இதனால்தான். ரோபஸ்டாவில் காஃபின் கிட்டத்தட்ட இருமடங்கு, 2 சதவீதத்துக்கு மேல். 2.2 என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் கலவையில் சுமார் 27 கிராம் ரோபஸ்டா இருந்தாலே 0.6 வந்துவிடும். இன்று இந்தியாவில் விளையும் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் ரோபஸ்டா. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அராபிகாச் செடியைத் துளைத்துத் துளைத்துத் தோட்டக்காரர்களை ரோபஸ்டா பக்கம் தள்ளிவிட்டது. அராபிகாவுக்குத் தைத்த சட்டையை ரோபஸ்டாவுக்கு மாட்டிவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்கிறோம்.

விதிமுறையைப் படித்தவர்கள் இடைமறிப்பார்கள்: கலவையில் நீரில் கரையும் பொருள் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இரண்டாவது வேலி ஒன்று இருக்கிறதே? இருக்கிறது, நல்ல வேலிதான். காபித் தூளில் நீரில் கரைவது 26 முதல் 35 சதவீதம் வரை. வறுத்த சிக்கரியில் குறைந்தது 55, பெரும்பாலும் அதற்கும் மேல். சிக்கரியை அள்ளிப் போட்டால் கரைபொருள் எகிறி, கலப்படம் பிடிபடும். ஆனால் கலப்படக்காரருக்கும் கணக்கு தெரியும். கரையாத எதையாவது, புளியங்கொட்டைத் தோலையோ ஒருமுறை டிகாஷன் எடுத்து உலர்த்திய சக்கையையோ, கொஞ்சம் சேர்த்தால் சராசரி மீண்டும் 50-க்குள் அடங்கிவிடும். ரோபஸ்டா 30, சிக்கரி 60, கரையாத பொடி 10 என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். காஃபினும் தேறும், கரைபொருளும் தேறும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் மாட்டும்.

நுண்ணோக்கி என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1850-களை ஒட்டிய இங்கிலாந்தில் காபியில் சிக்கரி கலப்பது பெரிய அரசியல் விவகாரம். காபியில் சிக்கரி கலந்திருப்பதை வேதியியலாலோ வேறு வழியாலோ கண்டுபிடிக்க முடியாது என்று வேதியியலாளர்களின் கருத்தைக் காட்டி நாடாளுமன்றத்தில் அறிவித்தார் நிதியமைச்சர் சார்லஸ் வுட். ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற மருத்துவர் லண்டன் கடைகளில் தூளை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தார். கொட்டையின் செல்லும் வேரின் செல்லும் ஒன்றுபோல இருக்காதே; சிக்கரி வேரின் குழாய்கள் அப்படியே தெரிந்தன. அமைச்சரின் அறிவிப்பு கேலிக்கூத்தானது. பல கடைகளின் ‘அசல் காபி’ அசலாக இல்லை என்பதும் வெளிவந்தது. வேதியியலாளர்கள் வெட்கப்பட வேண்டிய அத்தியாயம் இது. எங்கள் பாடப் புத்தகங்களில் இதற்கு இடம் தருவதில்லை.

வீட்டில் செய்து பார்க்கும் சோதனை ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையமே பரிந்துரைக்கிறது. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் நிரப்பி அரை ஸ்பூன் தூளை மேலே தூவுங்கள், கலக்காதீர்கள். காபித் துகளில் எண்ணெய் இருப்பதால் அது சற்று நேரம் மிதந்துகொண்டே இருக்கும். சிக்கரித் துகள் தண்ணீர் பட்டதும் ஊறி, பழுப்பு நூல் விட்டபடி கீழே இறங்கும். கருகிய சர்க்கரை கரைந்து விடும் நூல் அது. தூய தூள் என்று வாங்கியதில் நூல் நூலாக இறங்கினால், விஷயம் விளங்கிவிடும். கலவைத் தூளில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும் இது சொல்லாது.

சிக்கரியின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அந்த வேரில் இனுலின் என்ற மாவுப்பொருள் நிறைய. வறுக்கும்போது அது உடைந்து பழச்சர்க்கரையாகி, கருகி, கேரமல் வாடையும் கனத்த நிறமும் தருகிறது. பாலை ஊற்றினாலும் வெளுக்காத டிகாஷன் நமக்கு வேண்டும். தனி அராபிகாவில் அது வராது. தூளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக இறக்குவதும் சிக்கரிதான். 100-க்கு 15, 20 கிராம் சேர்த்தால் நம் ஊர்க் காபிக்கு அது அழகு. பாதிக்குப் பாதி போனால் அதைச் சிக்கரிக் கஷாயம் என்றுதான் சொல்ல வேண்டும். காபி அங்கே வாசனைக்கு வந்த விருந்தாளி.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். கலப்படமே இல்லை, நூறு சதவீதமும் காபி என்றே வைத்துக்கொள்வோம். அதன் தரத்தைக் காஃபின் சொல்லுமா? சொல்லாது. சொல்வதானால், ஏறத்தாழ எல்லா ரோபஸ்டாவும் எல்லா அராபிகாவையும் தோற்கடிக்க வேண்டும். சந்தையில் விலை நேர் எதிராக இருக்கிறது. ‘காபி கசக்கிறது, காஃபின் தூக்கல்’ என்று பலர் சொல்வதும் தவறு. காபியின் கசப்பில் காஃபினின் பங்கு 10, 15 சதவீதம்தான். காஃபின் நீக்கிய காபியும் கசக்கத்தானே செய்கிறது?

கசப்பில் பெரும்பகுதி வறுப்பில் பிறக்கிறது. பச்சைக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்ற ஒரு குடும்பம் உண்டு, அராபிகாவில் 5.5 முதல் 8 சதவீதம், ரோபஸ்டாவில் 7 முதல் 10. மிதமாக வறுத்தால் இவற்றில் ஒரு பகுதி நீர் இழந்து லாக்டோன்களாக மாறுகிறது. இது நாம் விரும்பும் கசப்பு. இன்னும் வறுத்தால் அவை உடைந்து, ஃபீனைல் இண்டேன்கள் என்ற முரட்டுக் கசப்புப் பொருள்கள் உருவாகும்; அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்பது இதுதான். ஜெர்மனியில் தாமஸ் ஹோஃப்மன் குழுவினர் இந்த இரண்டு கசப்பையும் பிரித்துக் காட்டினார்கள். ரோபஸ்டாவில் மூலப்பொருள் அதிகம் என்பதால் கருக வறுத்த ரோபஸ்டா ஏன் அப்படிக் காறுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

மணத்தின் கதை இன்னும் நுட்பமானது. வறுத்த காபியில் 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மூக்குக்கு முக்கியமானவை இருபது, முப்பதுதான். 1926-இல் ரைக்ஸ்டைனும் ஷ்டௌடிங்கரும் காபி மணத்தைப் பிரித்துக் காப்புரிமை வாங்கினார்கள். பிற்பாடு இருவருக்குமே வேறு வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்ட சேர்மங்களில் ஒன்று ஃபர்ஃபியூரைல் தயோல், கந்தகம் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமில் நூறில் ஒரு பங்கு இருந்தால்கூட மூக்கு கண்டுகொள்ளும். தூள் டப்பாவைத் திறந்ததும் வரும் அந்த முதல் மணத்தில் இதற்குப் பெரும் பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவில் நடக்கும் கூத்தை, நூற்றுக்கு இத்தனை என்று கிராம் கணக்கில் அளக்கும் விதிமுறை எப்படிப் பிடிக்கும்?

பச்சைக் கொட்டையின் வேதியியலை வைத்துக் கோப்பையின் தரத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று நெடுநாளாக முயல்கிறார்கள். ரியோ டி ஜெனீரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் அட்ரியானா ஃபரா குழுவினர் 2006-இல் ‘ஃபுட் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பிரேசிலில் சுவைஞர்கள் குடித்துத் தரம் பிரித்த அராபிகா மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் வேதிப்பொருள்களையும் அளந்தார்கள். டிரைகோனெலின் என்ற பொருளும், டைகஃபியோயில்குவினிக் அமிலங்களில் ஒன்றும் நல்ல காபியில் கூடுதலாக இருந்தன. காஃபினுக்கும் நல்ல தரத்துக்கும் தொடர்பு தெரிந்தது, ஆனால் அவ்வளவு வலுவாக இல்லை. குளோரோஜெனிக் குடும்பத்தில் மிகுதியாக உள்ள காஃபியோயில்குவினிக் வகையும் ஃபெருலோயில்குவினிக் வகையும் தாழ்ந்த காபியோடு சேர்ந்து நின்றன.

இந்த முடிவை ‘டிரைகோனெலின் கூடினால் காபி நன்றாகும்’ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. டிரைகோனெலின் தன்னளவில் லேசான கசப்புப் பொருள். வறுக்கும்போது அதில் பெரும்பகுதி சிதைந்து, கொஞ்சம் நயாசின் வைட்டமினாகவும் கொஞ்சம் மணப்பொருள்களாகவும் மாறுகிறது. அதைத் தனியாக வாங்கித் தூளில் தூவினால் காபி நன்றாகாது. பழுத்த பழத்தில் கொட்டை ஒழுங்காக விளைந்ததா, மூட்டையில் காயும் கறுப்புக் கொட்டையும் எவ்வளவு கலந்தது என்பதற்கு இந்தப் பொருள்கள் சாட்சி, அவ்வளவுதான். காய்க்கொட்டையில் சர்க்கரை குறைவு, காஃபியோயில்குவினிக் அமிலம் கூடுதல். வறுத்தால் ஒழுங்காக நிறமும் ஏறாது, நாக்கைப் பிடிக்கும். சாட்சியைப் பிடித்துக்கொண்டு குற்றவாளி என்றோ கதாநாயகன் என்றோ சொல்லிவிடக் கூடாது.

கெட்டதைக் கண்டுபிடிப்பதில் வேதியியல் சூரப்புலி என்பதை மறுக்க மாட்டேன். பிரேசிலில் ‘ரியோ’ காபி என்று ஒரு வகை உண்டு. மருந்து வாடையும் பூஞ்சை வாடையும் அடிக்கும். அதற்குக் காரணம் டிரைகுளோரோஅனிசோல் என்ற ஒற்றைச் சேர்மம் என்பது 1990-களில் வெளிவந்தது. ருவாண்டா, புருண்டி காபியில் சில கோப்பைகள் பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். அதற்கும் மெத்தாக்ஸிபைரசின் வகையில் ஒரு பொருள், அதற்குப் பின்னால் பழத்தைத் துளைக்கும் ஒரு நாவாய்ப்பூச்சி. மோசமான கோப்பைக்கு இப்படி ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். அருமையான கோப்பைக்குப் பின்னால் ஒற்றைப் பெயர் எதுவும் இல்லை. நூறு பொருள் சரியான விகிதத்தில் கூடி நிற்கிறது, அந்த விகிதத்தை எழுதிவைக்க இன்னும் யாராலும் ஆகவில்லை. அதனால்தான் இத்தனை கருவிகள் வந்த பிறகும், உலகச் சந்தையில் சிறப்புக் காபிக்கு மதிப்பெண் போடுவது நாக்கு. நூற்றுக்கு 80 வாங்கினால் அது சிறப்புக் காபி.

இதெல்லாம் கொட்டையின் கதை. பிரம்மதேசத்தில் குடிக்கும் கிளாஸில் கொட்டையைவிட அதிகம் இருப்பது தண்ணீர். மரக்காணத்தில் உப்பளம் ஓடுகிறது என்றால் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துப் பல கடைகளில் குடிக்கக் கேன் தண்ணீர், டிகாஷனுக்கும் பாய்லருக்கும் போர் தண்ணீர். ஏன் என்று ஒரு டீ மாஸ்டரைக் கேட்டேன். “கேன் தண்ணில போட்டா கலரே கட்ட மாட்டேங்குது சார். போர் தண்ணின்னா நாலு ஸ்பூனுக்கே கும்முனு எறங்குது” என்றார். அவர் கண்ணால் கண்டது முழுக்க உண்மை. போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், காரத்தன்மை கூடுதல். காரத்தில் காபியின் பாலிஃபீனால்கள் கருத்துவிடும். நிறம் கூடும், சாரம் கூடியிருக்காது.

கூடாதது மட்டுமல்ல, குறையவும் செய்யும். மலைக் காபிக்கு உயிர் கொடுப்பது அதன் இனிய புளிப்பு. சிட்ரிக், மாலிக் போன்ற பழ அமிலங்கள் தருவது. பைகார்பனேட் அதைத் தின்றுவிடும். ஏற்காட்டு அராபிகாவைக் கொண்டுவந்து இந்தத் தண்ணீரில் இறக்கினாலும் சப்பென்று இருக்கும், விலை கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார். நம் குடிநீர்த் தர ஆவணம் காரத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத ஊரில் 600 வரை அனுமதிக்கிறது. உலகச் சிறப்புக் காபிச் சங்கத்தின் குறி 40. உடம்புக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் காபியைக் கொன்றுவிடும்.

அதற்காக எல்லா உப்பையும் வடித்த கேன் தண்ணீர்தான் மருந்து என்று ஓடிவிட வேண்டாம். 2014-இல் பாத் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டனும் சகாக்களும், தண்ணீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் காபியின் சுவைப் பொருள்களை இழுத்து வெளியே கொண்டுவர உதவுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒன்றுமே இல்லாத தண்ணீரில் டிகாஷன் மெலிந்து புளிக்கும். மாஸ்டரிடம் நான் சொன்னது: கேன் தண்ணீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு, ஒரு நாள் போட்டுப் பாருங்கள். “கஸ்டமர் கலர் பார்த்துதான் சார் குடிக்கிறான்” என்று சிரித்தார். அதிலும் தப்பில்லை. சிக்கரி 47 சதவீதம் வரை ஏறியதன் வியாபார ரகசியமும் அந்தக் கலர்தான்.

டிகாஷனைச் சூடாகவே வைத்திருப்பது அடுத்த கொடுமை. ஃபர்ஃபியூரைல் தயோலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, டிகாஷனுக்குக் கருநிறம் தரும் மெலனாய்டின்கள் அந்த மூலக்கூறைத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. சூட்டில் இந்த வேலை வேகமாக நடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் மணத்தில் பெரும் பகுதி காற்றில் போகாமல் டிகாஷனுக்குள்ளேயே செத்துப்போகும். கூடவே லாக்டோன்கள் நீரோடு சேர்ந்து திரும்ப அமிலமாகிப் புளிப்பு தட்டும். காலை 5 மணிக்கு இறக்கியதைப் பத்து மணிக்குக் குடிப்பவர் சர்க்கரையைக் கூட்டிப் போடச் சொல்வது இதனால்தான். இறக்கியதும் ஆறவிட்டு மூடிவைத்து, வேண்டும்போது கொதிக்கும் பாலில் கலந்தாலே பாதி மணம் தப்பும். இதற்குக் காசு செலவு இல்லை. இரண்டாம் டிகாஷனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வீட்டில் சண்டை வரும்.

பால் இருக்கிறதே, கவலையேன் என்பீர்கள். பால் உண்மையிலேயே நிறைய மன்னிக்கும். கேசின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பை அடக்கிவிடும். நெடுஞ்சாலைக் கடைகளின் புகழில் பாதிக்கு மேல் கெட்டிப் பாலுக்கும் நுரைக்கும் உரியது. ரோபஸ்டாவை இழிவாகப் பேசுவதும் பாலில் எடுபடாது: பாலைத் தாண்டி வந்து நாக்கில் நிற்கும் கனம் அதற்கு உண்டு. கழுவிப் பதப்படுத்திய நல்ல ரோபஸ்டாவை ‘காபி ராயல்’ என்ற பெயரில் இந்தியா ஏற்றுமதியே செய்கிறது. என் வாதம் ரோபஸ்டாவுக்கு எதிரானதல்ல. ரோபஸ்டா என்று சொல்லாமல் விற்பதற்கு எதிரானது.

மலை பக்கம் பார்த்தால் இந்தச் சொல்லாமையின் விலை தெரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைத்தார். சேர்வராயன், பழனி மலைகள், நீலகிரி என்று தமிழ்நாட்டில் அராபிகா விளையும் உயரங்கள் உண்டு; தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. உயரத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டையில் சர்க்கரையும் கொழுப்பும் சேர அவகாசம் கிடைக்கும். ஆனாலும் 2019-இல் குடகு, சிக்கமகளூரு, பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டியலில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. சிறு விவசாயி பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க ஆள்கூலி இரட்டிப்பாகும். வாங்குகிறவர் எடைக்குத்தான் காசு கொடுக்கிறார், குடிக்கிறவரோ கலருக்கு. நடுவில் எவருக்கும் பழுத்த பழத்தால் பயனில்லை என்றால் அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

2024-இல் லண்டன் சந்தையில் ரோபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சம் தொட்டது. கொட்டை விலை ஏறும்போது பாக்கெட் விலையை ஏற்றாமல் சமாளிக்க இருக்கும் எளிய வழி, உள்ளே இருப்பதை மாற்றுவது. 60-க்கு 40 என்று இருந்தது 53-க்கு 47 ஆகலாம், அராபிகா இருந்த இடத்தில் ரோபஸ்டா வரலாம். முதல் மாற்றத்தைப் பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். இரண்டாவதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதில் காஃபின் கூடுவதால் ஆய்வக அறிக்கை முன்பைவிட நன்றாகவே இருக்கும். தரம் இறங்க இறங்க மதிப்பெண் ஏறும் விசித்திரத் தேர்வு இது.

இரண்டு வகையையும் பிரித்தறிய முடியாது என்று யாரும் சார்லஸ் வுட் போல எழுந்து சொல்ல முடியாது. ரோபஸ்டாவின் எண்ணெயில் 16-ஓ-மெத்தில்கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அராபிகாவில் அது அநேகமாக இல்லை. ஐரோப்பாவில் வழக்கமாகச் செய்யும் சோதனை. உடனடிக் காபியில் கலப்படம் பார்க்க மொத்த குளுக்கோஸ், மொத்த சைலோஸ் என்று இரு சர்க்கரைகளுக்குச் சர்வதேச வரம்பே உண்டு. தேவைப்படும் கருவிகள் நம் மாநிலத்தின் பல ஆய்வகங்களில் இருக்கின்றன. விதியில் கேட்காததை ஆய்வகம் தானாக அளக்காது, அவ்வளவுதான் தடை.

ஆகவே உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் காபி 53 என்று போடும் இடத்திலேயே, அதில் அராபிகா எவ்வளவு, ரோபஸ்டா எவ்வளவு என்று போடட்டும். பொட்டலமிட்ட தேதியோடு வறுத்த தேதியும் சேரட்டும்; அரைத்த தூளுக்கு இரண்டும் ஒன்றல்ல. காஃபின் குறைந்தபட்ச அளவு, அறிவித்த வகைக்கு ஏற்ப மாறட்டும்: 51 சதவீதம் ரோபஸ்டா என்று சொல்பவர் 0.6 காட்டித் தப்பக் கூடாது, ஒன்றுக்கு மேல் காட்டியாக வேண்டும். சந்தேகம் வந்தால் நுண்ணோக்கிச் சோதனையைக் கட்டாயமாக்கட்டும்.

நிறுவனங்களின் பதில் எனக்குத் தெரியும். பருவத்துக்குப் பருவம் கொட்டை மாறும், கலவை விகிதம் தொழில் ரகசியம், ஒவ்வொரு முறையும் பாக்கெட் அச்சை மாற்ற முடியாது என்பார்கள். கலப்பு சமையல் எண்ணெய் விற்பவர்களுக்கும் இதே சங்கடங்கள்தான். அவர்கள் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பெயர் சொல்லி அச்சிடுகிறார்கள், வியாபாரம் படுத்துவிடவில்லை. தூளுக்கு மட்டும் ஏன் விலக்கு என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

- கட்டுரையாளர், உணவு வேதியியலாளர்.